ஜிம்னி டிரான்ஸ்ஃபர் பெட்டி: இறக்கியாகிவிட்டது, திரும்ப ஏற்றுவது எப்படி?

நான்குசக்கரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வண்டி மூன்றாம் தலைமுறை சுஸுகி ஜிம்னி, 1.3 லிட்டர் பெட்ரோல், கைக்கியர். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. ஆகவே இந்த வண்டியின் கடைசி நாள் எனக்கு இப்போதே தெரியும். அதுவரை அது ஒழுங்காக ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கியர்பாக்ஸின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்பக்க ஆயில் சீல் வழியாக எண்ணெய் கசிந்தது. ஒரு பட்டறையில் சீலை மாற்றினார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் ஈரம். மறுபடி மாற்றினார்கள், மறுபடி ஈரம். போதாக்குறைக்கு, பட்டறையிலிருந்து வந்த நாள்முதல் விரைவுச்சாலையில் 80ஐத் தொட்டதும் காலுக்கடியில் ஓர் அதிர்வு. இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவுசெய்து, சிலேத்தார் ஹில்ஸில் உள்ள அப்பா வீட்டின் கார் நிறுத்தும் முகப்பில் வைத்துப் பெட்டியை இறக்கிவிட்டேன். வேலை தெரிந்த நண்பர் ஒருவர் அதைத் திறந்து பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். பெட்டியைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுன்டுகளும் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது திரும்ப ஏற்ற வேண்டும். பணிமனைக் கையேட்டில் "கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டவும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. கழற்றும்போது எண்ணெய் வடிந்து, ஷாஃப்ட் தொங்கி, போல்ட் உடைந்தாலும் வேலை நடந்துவிடும். மாட்டும்போது அப்படி இல்லை. செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

காக்கிபுக்கிட்காரன் எழுதியது:

அண்ணா, நான் பட்டறையில் வேலை செய்பவன். பிழைப்புக் கெட்டுவிடும் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் இருந்தால் இது நிமிர்ந்து நின்று செய்யும் வேலை. வீட்டு முகப்பில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேர் மேலே ஓர் உலோகப் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, துளைக்குத் துளை பொருத்த வேண்டும். அந்தப் பெட்டியை நின்றுகொண்டு யாரும் தூக்கிவிடலாம். படுத்துக்கொண்டு தூக்கும்போதுதான் அதன் எடை தெரியும்.

கழற்றிய பெட்டியோடு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தால்கூட எத்தனையோ பட்டறைகள் மாட்டித் தருவார்கள். சின் மிங், உபி, காக்கி புக்கிட் எங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, மேலே சொன்னவர் பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார். இருந்தாலும் இது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். முதலில் வண்டி எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நகராது என்பது நமக்குக் கைவந்த பழக்கம். ஆனால் இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் சக்கரங்களையும் இணைப்பது நீங்கள் கழற்றி வைத்திருக்கும் அந்தப் பெட்டியும் ஷாஃப்டுகளும்தான். அவை இல்லாதபோது முதல் கியரில் போட்டாலும் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். தானியங்கிக் கியர் வண்டியில் 'பி'யில் போட்டாலும் இதே கதைதான். கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டால் அந்தக் கைப்பிரேக்காலும் பயனில்லை. அப்போது தரையில் இருக்கும் முன்சக்கரங்களை எதுவும் பிடித்திருக்கவில்லை. நம் ஊர்த் தரைவீடுகளின் முகப்பு மழைநீர் ஓடுவதற்காகப் பெரும்பாலும் சாலைப்பக்கம் சரிந்திருக்கும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு மூலையிலும் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டாக உள்ள ஆக்சில். சட்டத்துக்குக் கீழே கொடுக்காமல் ஆக்சில் குழாய்க்குக் கீழேயே ஸ்டாண்டைக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் சஸ்பென்ஷன் தொங்காது, ஷாஃப்டுகளும் ஓடும்போது இருக்கும் கோணத்திலேயே நிற்கும். சரிவான பக்கத்தில் கெட்டியான பலகையை அடியில் வைத்து மட்டம் பாருங்கள். செங்கல் வைக்கவே கூடாது, நொறுங்கிவிடும். ஏற்றி முடித்தபின் வண்டியைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் அடியில் போங்கள்.

அடுத்து ஒரு கேள்வி. புதுச் சீல் போட்டும் அடுத்தடுத்துக் கசிந்தது என்றீர்களே, பெட்டியின் காற்றுக்குழாயை யாராவது பார்த்தார்களா?

---

நான்குசக்கரன் எழுதியது:

ஐயா, ஸ்டாண்டை ஆக்சிலுக்கு மாற்றிவிட்டேன். முன்பு சட்டத்துக்குக் கீழே இருந்தது. இப்போது தள்ளினால் அசைவே இல்லை.

காற்றுக்குழாய் என்றால், பெட்டியின் மேலிருந்து மேலே போகும் அந்த மெல்லிய ரப்பர் குழாயா? அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நானும் கழற்றும்போது விரலால் உருவிவிட்டு ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

அதேதான். பெட்டி ஓட ஓடச் சூடாகும், உள்ளே உள்ள காற்று விரியும். அது வெளியேற அந்தக் குழாய்தான் வழி. வழி அடைபட்டால் அழுத்தம் எங்கே போகும்? சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு போகும், எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. சீல் நல்லதாகவே இருந்தாலும் கசியும். குழாயின் ஒரு முனையில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். சீலின் உதடு உட்காரும் ஃபிளேன்ஜின் (ஷாஃப்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) பளபளப்பான கழுத்தில் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பள்ளத்தில் எந்தச் சீலும் நிற்காது. பள்ளம் லேசாக இருந்தால் புதுச் சீலை ஒரு மயிரிழை முன்னோ பின்னோ உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் ஓடும்படி செய்யலாம். ஆழமாக இருந்தால் மெல்லிய உலோக உறை போட வேண்டும், அல்லது ஃபிளேன்ஜையே மாற்ற வேண்டும். சீலை அடிக்கும்போது ஓரத்தில் அடிக்காமல், அதே அளவு வட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.

---

மாடிவீட்டுக்காரி எழுதியது:

ஐயா, அண்ணா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். என்னிடமும் இதே வண்டிதான். பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் ஓரமாக வைத்து இப்படிச் செய்யலாமா? அங்கே யாரும் வருவதில்லை.

---

காக்கிபுக்கிட்காரன் எழுதியது:

செய்யாதீர்கள் அக்கா. வீவக வாகன நிறுத்துமிடத்தில் பழுதுபார்ப்பு வேலைக்கு அனுமதி இல்லை. விதியை ஒதுக்கிவைத்தாலும், இந்த வேலையில் எண்ணெய் சிந்தாமல் இருக்காது. அது மழையோடு வடிகாலில் இறங்கும். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. ஈசூன் வடிகாலில் விட்ட எண்ணெய் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் போகும். அங்கே நம் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள், நாமே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

தெரிந்தவர் யாருக்காவது தரைவீடு இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் பட்டறைதான். "நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா" என்று கேட்டால் எங்களில் பலர் மறுக்க மாட்டோம்.

---

நான்குசக்கரன் எழுதியது:

கண்டுபிடித்துவிட்டேன். குழாயை ஊதினால் காற்றே போகவில்லை. கையால் தடவிக்கொண்டே போனேன். கியர்பாக்ஸுக்கு மேலே, கம்பிக்கட்டைப் பிடிக்கும் உலோகப் பட்டைக்கும் உடலுக்கும் இடையில் குழாய் சிக்கி நசுங்கியிருக்கிறது. பட்டையை நெம்பி எடுத்த பிறகும் ரப்பர் நிமிரவில்லை, தட்டையாகவே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அதில் வெடிப்பு. யாரோ எப்போதோ அந்தப் பட்டையைக் குழாயின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். சீலுக்கு மட்டும் இத்தனை முறை பணம் கொடுத்திருக்கிறேன்! இந்தக் குழாய்த் துண்டின் விலையோ ஒரு காப்பிக் கடைச் சாப்பாட்டுக்கு மேல் இராது.

ஃபிளேன்ஜின் கழுத்தில் நகம் தடுக்கவில்லை. நல்லவேளை.

---

ஜொகூர்த் தோழன் எழுதியது:

கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவிலிருந்து வணக்கம். செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலும் ஓடையிலும் ஓட்டுபவன் நான். அந்தக் குழாய் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடைப்பு ஒரு பக்கம் என்றால், வெடிப்பு இன்னொரு பக்கம். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால்காப்பி நிறத்துக்கு மாறினால் அதுதான் காரணம். குழாயின் மேல்முனை எஞ்சின் அறையில் உயரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகம் தேவைப்பட்டால் இங்கே, வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த முழுப் பெட்டியே கிடைக்கும். ஆனால் சிங்கப்பூர் எல்லையில் அறிவித்து 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கட்டிவிடுங்கள். மறைத்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

இனி ஏற்றுவோம். தம்பி, நிதானமாகப் படியுங்கள்.

புதுக் காற்றுக்குழாயைப் பெட்டி தரையில் இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். மேலே ஏறியபின் அங்கே கை நுழையாது. நான்கு சக்கர இயக்கத்துக்கான ஸ்விட்ச்சுகளின் கம்பி இணைப்புகளையும் பாருங்கள். கம்பி எட்டாமல் போனால், பெட்டி பாதி ஏறிய நிலையில் நின்றுவிடுவீர்கள். ஷாஃப்ட் ஃபிளேன்ஜுகளின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். ஒரு பொட்டு துருவோ பெயின்ட் திட்டோ நடுவில் சிக்கினால் ஷாஃப்ட் நேராக உட்காராது, சுற்றும்போது ஆடும்.

தரைஜாக்கின் தலையில் ஒரு பலகை, அதன்மேல் பெட்டி. பட்டை போட்டு ஜாக்கோடு சேர்த்துக் கட்டுங்கள். கையால் தாங்குவதை நம்பாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மூன்று மவுன்டுகளின் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். விரலால் ஏறாத போல்ட் கோணலாக நிற்கிறது. ஸ்பேனர் போட்டு ஏற்றினால் மரை போய்விடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மூத்த மேஸ்திரி திரும்பத் திரும்பச் சொன்னது இது: பெட்டி தன் இடத்துக்குத் தானாக வர வேண்டும், போல்ட்டைக் கொண்டு அதை இழுக்கக் கூடாது. இடைவெளி தெரிகிறது, போல்ட்டை முறுக்கினால் மூடிக்கொள்ளும் என்று எவருக்கும் தோன்றும். மூடிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று நேராக இல்லாமல் நசுங்கியிருக்கும். அலுமினிய உறையின் காது ஒடியும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே உறைந்துபோகும். இடைவெளி இருந்தால் இறக்குங்கள், விளக்கடித்துப் பாருங்கள், மறுபடி ஏற்றுங்கள்.

மூன்றும் விரல்பிடியில் நின்றபின் ஷாஃப்டுகளை மாட்டுங்கள். இந்த வண்டியில் மூன்று: கியர்பாக்ஸிலிருந்து பெட்டிக்கு வரும் குட்டை ஷாஃப்ட், முன் ஆக்சிலுக்கு ஒன்று, பின் ஆக்சிலுக்கு ஒன்று. அவற்றை முறுக்கியபின் ஜாக்கைத் தளர்த்தி, பெட்டியின் எடை முழுவதும் ரப்பரில் இறங்கவிட்டுக் கையால் ஒருமுறை உலுக்குங்கள். அப்போது அது எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் இடம். அதற்குப் பிறகே மவுன்ட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள்.

---

காக்கிபுக்கிட்காரன் எழுதியது:

ஐயா சொன்ன கடைசிப் பத்தியை எங்கள் பட்டறையிலும் எழுதி ஒட்ட வேண்டும். அவசரத்தில் மவுன்டை முதலில் இறுக்கிவிட்டு, அதன்பின் ஷாஃப்டை நெம்பி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகள் அதிர்வு என்று திரும்பி வரும்.

அண்ணா, உங்கள் 80 கிலோமீட்டர் அதிர்வுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பின் ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளேன்ஜில் அடையாளம் இருந்ததா? ஷாஃப்டும் ஃபிளேன்ஜும் ஒன்றாகச் சுற்றிப் பழகியவை. எந்தத் துளைக்கு எந்தத் துளை என்பது மாறினால் சமநிலை கெடலாம்.

---

நான்குசக்கரன் எழுதியது:

பழைய அடையாளம் எதுவும் இல்லை. கழற்றும் முன் நான் வெள்ளைப் பெயின்ட்டில் புள்ளி வைத்தேன். ஆனால் அது பட்டறைக்காரர் மாட்டிய நிலை, அதிர்வோடு இருந்த நிலை. அதையே திரும்ப வைத்தால் என்ன பயன்?

---

காக்கிபுக்கிட்காரன் எழுதியது:

உங்கள் புள்ளி வீண் போகாது. எந்த நிலை சரியில்லை என்று அது சொல்கிறதே. யுனிவர்சல் ஜாயின்டுகளை முதலில் கையால் வளைத்துப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல், தடதடக்காமல் நாலாபக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும். அவை நன்றாக இருந்தால் ஆக்சில் பக்க ஃபிளேன்ஜை அரைச்சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறைந்தால் அங்கேயே விடுங்கள். குறையாவிட்டால் கால்சுற்று. நான்கு போல்ட் என்பதால் நான்கே நிலைகள்தான்.

---

ஜொகூர்த் தோழன் எழுதியது:

எண்ணெய் ஊற்றும் முன் ஒரு வார்த்தை. வடிக்கும் திருகாணியைத் திறப்பதற்கு முன் ஊற்றும் திருகாணி திறக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்ற நண்பர் ஒருவர் வண்டியை அசைக்கவே முடியாமல் தவித்தார்.

எண்ணெய்: 75டபிள்யூ-90. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற எண்ணெய்த் தரங்கள் இரண்டும் ஒன்றுதான், பெரிய எண்தான் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் கேட்க வேண்டாம். ஜிஎல்-5இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். ஆக்சிலின் டிஃபரென்ஷியலுக்கு (வளைவில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதி) அது தேவை. பித்தளை வளையங்கள் உள்ள கியர்பாக்ஸில் அதே சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். எந்தப் பெட்டிக்கு எது என்று கையேடு தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது, அதன்படியே ஊற்றுங்கள்.

---

நான்குசக்கரன் எழுதியது:

ஏற்றிவிட்டேன்.

என் தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். பெட்டி ஏறும்போது இடப்பக்கக் காதுக்கும் மவுன்டுக்கும் நடுவில் விரல்நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. போல்ட் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்பேனரால் நாலு சுற்று போதும் போலத் தோன்றியது. ஐயா சொன்னது நினைவிருந்ததால் இறக்கிப் பார்த்தோம். புது ரப்பர் மவுன்டின் உலோகத் தட்டில் அச்சு வார்த்தபோது மிஞ்சிய ரப்பர் விளிம்பு ஒன்று துளைக்குள் மடிந்து கிடந்தது. கத்தியால் சீவி எடுத்ததும் பெட்டி சத்தமில்லாமல் உட்கார்ந்தது, மூன்று போல்ட்டும் விரலாலேயே கடைசிவரை ஏறின.

பிற்பகலில் வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது. முகப்புக் கூரை இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனால் சாரல் அடித்த பக்கத்து ஸ்டாண்டின் கீழ்ப்பலகை நனைந்தது. அது காய்ந்து, மறுபடி தள்ளிப் பார்த்து உறுதிசெய்யும்வரை அடியில் போகவில்லை. மட்டமாக நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் எட்டிப்பார்த்து வழியும்வரை நிரப்பினேன்.

பின் ஷாஃப்டை அரைச்சுற்று திருப்பி மாட்டினேன். எஸ்எல்இ விரைவுச்சாலையில் 80, பிறகு 90. அதிர்வு பெருமளவு போய்விட்டது. கூர்ந்து கவனித்தால் மட்டும் ஏதோ மெல்லியதாகத் தெரிகிறது.

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

நல்ல வேலை, தம்பி. இறக்கிப் பார்த்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். மிச்சம் இருக்கும் அந்த மெல்லிய அதிர்வை இப்போதே துரத்த வேண்டாம். புது ரப்பர் கொஞ்ச காலம் ஓடி அடங்கட்டும். ஷாஃப்ட் போல்ட்டுகளையும் மவுன்ட் போல்ட்டுகளையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். அதிர்வு அப்போதும் இருந்தால் டயர் சமநிலையைப் பார்க்கலாம்.

---

மாடிவீட்டுக்காரி எழுதியது:

வாழ்த்துகள் அண்ணா. நான்கு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா என்று சோதித்தீர்களா? நானும் என் வண்டியில் அந்தப் பொத்தானை அழுத்தியே வெகுகாலம் ஆகிறது. வாகன நிறுத்துமிடத்தில் ஒரு சுற்று வந்து பார்க்கலாமா?

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

காய்ந்த சாலையில், அதுவும் வாகன நிறுத்துமிட வளைவில் வேண்டாம் அம்மா. இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கரத்தில் போட்டுத் திருப்பினால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஆனால் பெட்டி இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்திருக்கும். சரளையில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது, அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் சங்கிலியிலும் ஏறும்.

நன்றாக மழை பெய்து நனைந்திருக்கும் சாலையில், ஆளில்லாத நேரத்தில், நேராக மெதுவாகப் போகும்போது மட்டும் போட்டுப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிய வேண்டும். உடனே எடுத்துவிடுங்கள். எடுத்தபின் விளக்கு அணையத் தயங்கினால், பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் முறுக்கு விடுபட்டு அணைந்துவிடும்.

---

நான்குசக்கரன் எழுதியது:

நேற்று மழையில் ஐயா சொன்னபடியே பார்த்தேன். போட்டதும் விளக்கு சில முறை கண்சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தது, எடுத்ததும் அணைந்தது. பின்பக்கச் சீலைச் சுற்றி இன்று காலை வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்த்தேன், தாளில் கறை இல்லை.

வடித்த எண்ணெய் ஒரு பழைய குடுவையில் மூடி போட்டு இருக்கிறது. இதை எங்கே கொடுப்பது?

---

காக்கிபுக்கிட்காரன் எழுதியது:

எங்கள் பட்டறைக்கே கொண்டுவாருங்கள் அண்ணா. கழிவெண்ணெய் சேகரிப்பவர் எங்களிடம் வந்து எடுத்துப்போவார், இந்தக் குடுவையும் அதோடு போகட்டும். தண்ணீரோ பிரேக் எண்ணெயோ அதில் கலக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வரும்போது வண்டியையும் ஓட்டிவாருங்கள், லிஃப்ட் காலியாக இருந்தால் தூக்கி வைத்து அந்தப் போல்ட்டுகளை இருவருமாகச் சரிபார்த்துவிடலாம். ஈசூன் அக்காவும் வருவதானால் சொல்லட்டும், காற்றுக்குழாய் எங்கே நசுங்கும் என்று அடியிலிருந்தே காட்டுகிறேன்.